சொக்சோ பிடிக்கிறார்களே, கண்ணாடிக்குக் கிடைக்காதா?

பினாங்கு மாநிலத்துப் பிறை பக்கத்திலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், வேலை செய்யும் ஃபேக்டரி எதையும் இங்கே போடவில்லை. ஆள் யாரென்று தெரிந்துவிடக்கூடாது என்று ஒன்றிரண்டு விவரத்தைக் கொஞ்சம் மாற்றியும் இருக்கிறேன். விஷயம், சம்பளத்தில் பிடிக்கிற சொக்சோ, அதாவது தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா, கண்ணாடிக்கு உதவுமா என்பதுதான்.

அவருக்கு வயது 47. எலெக்ட்ரானிக் ஃபேக்டரியில் 19 வருஷம், அதில் கடைசிப் பத்து வருஷம் மைக்ரோஸ்கோப்பில் சிப் பார்க்கும் வேலை. ஒரு வருஷமாகக் கிட்டத்தில் இருப்பது மங்குகிறது. கணவருக்கு 53, கம்பெனி லோரி ஓட்டுகிறார், எட்டு வருஷமாக இனிப்பு நீர் (சர்க்கரை நோய்). ஆறு மாதத்தில் இரண்டு மூக்குக் கண்ணாடி மாற்றிவிட்டார், இரண்டுக்கும் சேர்த்து 940 ரிங்கிட், இரண்டுமே இப்போது டிவிக்குக் கீழே டிராயரில் கிடக்கின்றன. மாமியாருக்கு 71, கணவர் இல்லை, இரண்டு கண்ணிலும் புரை. தனியார் மருத்துவமனை ஒன்றில் ஒரு கண்ணுக்கு 6,800 ரிங்கிட் என்று சொல்லியிருக்கிறார்கள், சங்கிலியை அடகு வைக்கலாமா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. மகன் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு, பலகையில் எழுதுவது தெரியவில்லை என்று ஆசிரியர் முன் வரிசைக்கு மாற்றிவிட்டார். கணவன் மனைவி சம்பளம் இரண்டும் சேர்ந்து 4,300 ரிங்கிட். குறைந்த வருமானக்காரர்களுக்கு அரசாங்கம் தருகிற எஸ்.டி.ஆர். உதவித்தொகை வருகிறது, மாமியாருக்கும் தனியாக வருகிறது.

கேள்வியை அவர் வார்த்தையிலேயே தருகிறேன்: “மாசா மாசம் சொக்சோ பிடிக்கிறாங்க. பத்து வருஷம் அவங்க மைக்ரோஸ்கோப்பைப் பார்த்துத்தானே என் கண்ணு போச்சு? எச்.ஆரில் கேட்டா கண்ணாடிக்கெல்லாம் சொக்சோ கிடையாதுன்னு சிரிக்கிறாங்க. லண்டன்ல இருக்கிற என் நாத்தனார் பிள்ளைங்களுக்குக் கண்ணாடி இலவசம். நமக்கு மட்டும் ஏன் இல்லை? எங்கே போய் கிளைம் பண்றது?”

அன்புள்ள சகோதரி,

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் பல வருஷம் அரசாங்க ஆஸ்பத்திரி கண் பிரிவில் பார்வை அளக்கிற ஆப்டோமெட்ரிஸ்டாக இருந்துவிட்டு இப்போது சொந்தமாகக் கடை வைத்திருப்பவன், கண்ணாடி விற்றுத்தான் சாப்பிடுகிறேன். அதனால் கீழே “இப்போதைக்குக் கண்ணாடி வாங்காதீர்கள்” என்று நான் சொல்கிற இடத்தில் என்னைத் தாராளமாக நம்பலாம். “வாங்குங்கள்” என்று சொல்கிற இடத்தில் வேண்டுமானால் இன்னொருவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் மூன்றாவது பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும்போது நல்லாத்தான் தெரியுது, தலையைத் தூக்கி லாட் கார்டில் எழுதும்போதுதான் எழுத்து கலங்குது.” எனக்கு அந்த வரியே பாதிப் பரிசோதனை செய்த மாதிரி. மைக்ரோஸ்கோப்பைச் சரியாக ஃபோகஸ் செய்துவிட்டால் அது படத்தை ஏதோ தொலைவில் இருப்பதைப் போலத்தான் கண்ணுக்குக் கொடுக்கும். தொலைவில் பார்க்கும்போது கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் வளைந்து கொடுத்து உழைக்க வேண்டியதில்லை. அட்டையில் எழுதும்போதுதான் அது உழைக்க வேண்டும், அங்கேதான் உங்களுக்குத் தடுமாறுகிறது. இது வெள்ளெழுத்து. நாற்பதைத் தாண்டிய எல்லாருக்கும், மைக்ரோஸ்கோப்பையே கண்ணால் பார்க்காத தோட்டத்துப் பாட்டிக்கும் வந்தது. கண் லென்ஸ் வயசாக ஆக விறைத்துப் போகிறது, அவ்வளவுதான். பத்து வருஷம் ஐபீஸில் குனிந்து பார்த்ததில் கழுத்து வலி வரும், கண் வறண்டு எரியும், ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் தலை கனக்கும், அதெல்லாம் உண்மை. ஆனால் வெள்ளெழுத்தை அந்த வேலை கொண்டுவரவில்லை. இதைச் சொன்னால் உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும் என்று தெரியும். இன்னொரு பக்கம் பார்த்தால், உங்கள் கண் ‘போகவில்லை’.

சொக்சோ எதற்கு, எதற்கு இல்லை

நம் ஆட்கள் நிறையப் பேருக்கு இருக்கிற குழப்பம்தான் உங்களுக்கும். சொக்சோ, மலாய்ப் பெயரில் பெர்கேசோ, ஒரு சுகாதாரக் காப்பீடு இல்லை. 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நடக்கிற அதில் இந்த இரண்டு திட்டங்கள் உங்களைத் தொடுபவை: வேலையில், அல்லது வேலைக்குப் போகிற வருகிற வழியில் நடக்கும் விபத்துக்கும் தொழில் சார்ந்த நோய்க்கும் ஒன்று, வேலை செய்ய முடியாத அளவுக்கு உடம்பு முடங்கிப் போனால் கொடுக்கிற ஓய்வூதியத்துக்கு இன்னொன்று. இந்த இரண்டுக்கும் உங்கள் பங்கு சம்பளத்தில் சுமார் 0.5 சதவீதம், முதலாளி பங்கு 1.75. உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள், அதற்கான தொகை பத்துப் பதினோரு ரிங்கிட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அந்தக் காசு விபத்துக்காகவும் முடக்கத்துக்காகவும் போகிறது, காய்ச்சலுக்கும் கண்ணாடிக்கும் போகவில்லை. சம்பளத்தில் மாதாமாதம் பிடித்து எல்லா நோய்க்கும் பார்க்கிற பொதுச் சுகாதாரக் காப்பீடு என்று ஒன்று மலேசியாவில் கிடையாது. அதற்குப் பதிலாக வரிப்பணத்தில் நடக்கிற கிளினிக் கெசிஹாத்தானும் (அரசாங்கச் சுகாதார நிலையம்) அரசாங்க ஆஸ்பத்திரியும் இருக்கின்றன. நமக்கு உள்ள காப்பீடு அதுதான், அட்டை இல்லாத காப்பீடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எச்.ஆர். சொன்ன பதில் சரி, சிரித்தது சரியில்லை. ஆனாலும் சொக்சோவில் கண்ணுக்கு எதுவுமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். லைனில் கெமிக்கல் கண்ணில் தெறித்துவிட்டது, வெல்டிங் பொறி பட்டது, மோட்டாரில் வேலைக்கு வரும்போது விழுந்து கண்ணில் அடி, இதெல்லாம் சொக்சோவில் வரும். சிகிச்சைச் செலவு, எம்.சி. (மருத்துவ விடுப்பு) நான்கு நாளுக்குக் குறையாமல் இருந்தால் கணக்கிடப்பட்ட தினச் சம்பளத்தில் 80 சதவீதம், பார்வை நிரந்தரமாகக் குறைந்துவிட்டால் அதற்கு மருத்துவக் குழு மதிப்பிட்டு இழப்பீடு. முதலாளி 48 மணி நேரத்துக்குள் விபத்தைத் தெரிவிக்க வேண்டும். சின்னதாகத் தெறித்ததுதானே என்று தண்ணீரில் கழுவிவிட்டுப் புகார் எழுதாமல் விடுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் நம் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். கழுவுங்கள், கால் மணி நேரமாவது ஓடுகிற தண்ணீரில் கழுவுங்கள், அப்புறம் எழுதியும் வையுங்கள்.

லண்டன் கதையையும் பார்த்துவிடுவோம். உங்கள் நாத்தனார் சொன்னது பொய் இல்லை. இங்கிலாந்தில் 16 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்குக் கண் பரிசோதனை இலவசம், கண்ணாடி வாங்க அரசாங்கமே வவுச்சர் தருகிறது. ஆனால் உங்கள் வயசில் சம்பளம் வாங்கும் ஒருவருக்கு அங்கேயும் பொதுவாகச் சொந்தக் காசுதான். இங்கே இன்னும் கறார். தனியார் மெடிக்கல் கார்டின் (மருத்துவக் காப்பீடு) விதிவிலக்குப் பக்கத்தைப் புரட்டினால் கண் பரிசோதனை, கண்ணாடி, பவரைச் சரிசெய்யும் லேசர் எல்லாம் ‘சேராது’ பட்டியலில் இருக்கும். வருமான வரியில்கூட, மாற்றுத்திறனாளிகளுக்கான உபகரணச் செலவில் சக்கர நாற்காலியையும் காது கேட்கும் கருவியையும் ஏற்றுக்கொள்கிறவர்கள் மூக்குக் கண்ணாடி சேராது என்று தனியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். கண்ணுக்கு நோய் வந்தால் பார்ப்பார்கள், கண்ணுக்கு முன்னால் மாட்டுவது உங்கள் பாடு. இது நியாயமா என்று கேட்டால் நியாயம் இல்லை என்றுதான் நானும் சொல்வேன், பையனுக்குப் பலகை தெரியாததை விட அவசரம் வேறென்ன இருக்கிறது. ஆனால் நடைமுறை இதுதான் என்று தெரிந்துகொண்டால் எங்கே அலைய வேண்டும், எங்கே அலைய வேண்டாம் என்பது புரிந்துவிடும்.

மாமியாரின் சங்கிலியைத் தொட வேண்டாம்

நான்கு பேரில் உங்கள் மாமியாருக்குத்தான் அதிக உதவி கிடைக்க வழி இருக்கிறது, நீங்களோ அவருக்குத்தான் அடகுக் கடை வரைக்கும் யோசித்திருக்கிறீர்கள்.

அவர் குடிமகள் என்பதால் கிளினிக் கெசிஹாத்தானில் சாதாரணமாக 1 ரிங்கிட், நிபுணர் கிளினிக்கில் 5 ரிங்கிட் என்று இருக்கிற வெளிநோயாளிக் கட்டணம் 60 வயதைத் தாண்டிவிட்டதால் அதுவும் இல்லை. கிளினிக்கில் கடிதம் வாங்கிக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரி கண் பிரிவுக்குப் போங்கள், உங்கள் பக்கத்தில் வசதிப்படாவிட்டால் பாலத்தைத் தாண்டிப் பினாங்கு பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே செய்வதும் அதே அறுவை சிகிச்சைதான்: புரையை உடைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு உள்ளே ஒரு லென்ஸ் வைப்பார்கள், பெரும்பாலும் அன்றைக்கே வீடு.

அந்த உள் லென்ஸுக்குத்தான் காசு கேட்பார்கள் என்று பயந்து நிறையப் பேர் போகாமலே இருக்கிறார்கள். இங்கேதான் பெக்கா பி40 வருகிறது. இது குறைந்த வருமானக்காரர்களுக்காக 2019-இல் தொடங்கிய அரசாங்க மருத்துவ உதவித் திட்டம். எஸ்.டி.ஆர். வாங்குகிறவருக்கும் அவர் துணைக்கும், 40 வயதைத் தாண்டியிருந்தால் போதும், பதிவு செய்யவே வேண்டாம், அடையாள அட்டை எண்ணைப் போட்டு இணையத்தில் பார்த்தால் பெயர் வந்துவிடும். இதில் இலவச உடற்பரிசோதனை இருக்கிறது, அதோடு ஆயுள் முழுக்க 20,000 ரிங்கிட் வரைக்கும் மருத்துவ உபகரண உதவி இருக்கிறது. இருதய ஸ்டென்ட் மாதிரியே கண்ணுக்குள் வைக்கிற லென்ஸும் அந்த உபகரணங்களில் ஒன்று. மாமியாருக்குத் தனியாக எஸ்.டி.ஆர். வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படியானால் அவருக்கு அவர் பெயரிலேயே தகுதி இருக்கிறது.

ஒரே ஒரு கவனம். இது பில்லைக் கொடுத்துப் பணத்தைத் திரும்ப வாங்குகிற ஏற்பாடு இல்லை. சுகாதார அமைச்சின் ஆஸ்பத்திரி டாக்டர் வழியாக, அறுவை சிகிச்சைக்கு முன்னாலேயே விண்ணப்பம் போக வேண்டும். தனியாரில் 6,800 கட்டிவிட்டு அப்புறம் ரசீதைத் தூக்கிக்கொண்டு போனால் ஒன்றும் நடக்காது. முதல் நாள் கவுண்டரிலேயே “பெக்கா பி40 இருக்கு” என்று சொல்லிவிடுங்கள். டாக்டரிடம் இன்னொரு தடவை சொல்லுங்கள், அவர்களுக்கு இருக்கிற கூட்டத்தில் மறந்துவிடுவார்கள். அதிலும் ஏதாவது இடித்தால் அதே கட்டடத்தில் மருத்துவச் சமூகப் பணிப் பிரிவு என்று ஒன்று இருக்கும், அங்கே போய் உட்காருங்கள். அந்தப் பிரிவு எங்கே இருக்கிறது என்று நம் ஆட்களில் நிறையப் பேருக்குத் தெரியாது, நான் வேலை பார்த்த காலத்தில் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் விட்டிருக்கிறேன்.

தனியாரில் நன்மை இல்லாமல் இல்லை. தேதி சீக்கிரம் கிடைக்கும், டாக்டரை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். அரசாங்கத்தில் சில மாதங்கள் காத்திருக்க வேண்டிவரலாம். ஆனால் புரை என்பது நாளைக்கே எடுக்காவிட்டால் கண் போய்விடும் என்கிற விஷயம் பெரும்பாலும் இல்லை, காத்திருக்கலாம். காத்திருக்கிற காலத்தில் பாத்ரூமில் வழுக்காத பாய், படியில் நல்ல விளக்கு, இருட்டில் தனியாக ரோட்டைக் கடக்க வேண்டாம், எதிரில் வருகிற மோட்டார் விளக்கு அவருக்குச் சிதறிப் பூவாகத் தெரியும். ஆனால் கண் திடீரென்று சிவந்து வலித்து வாந்தி வந்தால், அல்லது திடீரென்று பார்வை குறைந்தால், அது காத்திருக்கிற வகை இல்லை, அன்றைக்கே எமர்ஜென்சி.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், அப்புறம் “ஆபரேஷன் செஞ்சும் படிக்க முடியலையே” என்று வருத்தப்படாமல் இருக்க. வழக்கமாக வைக்கிற லென்ஸ் தூரத்தைத் தெளிவாக்கும், படிப்பதற்குக் கண்ணாடி தேவைப்படும். அதைக் கண் ஆறிய பிறகு, நான்கு முதல் ஆறு வாரம் கழித்து வாங்கினால் போதும். ஆபரேஷனுக்கு முன்னால் யாராவது அவருக்குப் புதுக் கண்ணாடி விற்கப் பார்த்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

கணவரின் இரண்டு கண்ணாடிகள்

உண்மையைச் சொல்லட்டுமா, நான்கு பேரில் எனக்குக் கவலை உங்கள் கணவரைப் பற்றித்தான். நீங்களோ அவருக்கு ஒரு பத்தி மட்டும் ஒதுக்கி, “கடைக்காரன் ஏமாத்திட்டான்” என்று முடித்துவிட்டீர்கள்.

கடைக்காரர் ஏமாற்றியிருக்க வேண்டியதில்லை. இரத்தத்தில் சர்க்கரை ஏறும்போது கண் லென்ஸ் நீரை உறிஞ்சி உப்புகிறது, பவர் மாறுகிறது. சர்க்கரை இறங்கும்போது பவரும் திரும்ப மாறுகிறது. சர்க்கரை (மில்லிமோல் கணக்கில்) 16-இல் இருந்த நாளில் எடுத்த கண்ணாடி 8-இல் இருக்கிற நாளில் பொருந்தாது. இரண்டு தடவையும் கடையில் சரியாகவே அளந்திருக்கலாம், இரண்டு தடவையும் கண் வேறாக இருந்திருக்கிறது. ஆனால் ஒன்று, முதல் கண்ணாடி ஒரே மாதத்தில் சரியில்லை என்று திரும்பி வந்தவரிடம் “அண்ணே, இனிப்பு நீர் இருக்கா?” என்று கேட்காமல் இரண்டாவதைச் செய்து கொடுத்தார்கள் பாருங்கள், அதற்கு எங்கள் தொழிலில் மன்னிப்பு இல்லை. அடுத்த தடவை எந்தக் கடைக்குப் போனாலும் சுவரில் மாஜ்லிஸ் ஓப்டிக் மலேசியா பதிவுச் சான்றிதழ் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். 1991-ஆம் ஆண்டு ஆப்டிக் சட்டப்படி பதிவு செய்தவர்தான் பார்வை அளக்கலாம்.

அதனால் இந்த வரிசையில் போங்கள். முதலில் சர்க்கரை. கிளினிக் கெசிஹாத்தானில் மூன்று மாதச் சராசரி காட்டுகிற எச்பிஏ1சி எடுத்து, மருந்தைச் சரிசெய்து, சில வாரமாவது சர்க்கரை ஒரு நிலைக்கு வரட்டும். இரண்டாவது, விழித்திரைப் பரிசோதனை. எட்டு வருஷத்தில் ஒரு தடவைகூட கண்ணுக்குள் படம் எடுத்ததில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இனிப்பு நீர் உள்ளவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை எடுக்க வேண்டும், அதற்கான கேமரா பல கிளினிக் கெசிஹாத்தானில் இருக்கிறது. கண்ணாடி கடைசி. அதுவரைக்கும் டிராயரில் கிடக்கிற இரண்டில் எது கொஞ்சமாவது உதவுகிறதோ அதைப் போட்டுக்கொள்ளட்டும். இரண்டும் உதவாமல் மங்கலாகத் தெரிகிற நாளில் லோரியைத் தொடக்கூடாது.

ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்றால், 2014-இல் நம் நாட்டில் 50 வயதைத் தாண்டியவர்களிடம் எடுத்த தேசியக் கண் ஆய்வில் பார்வை இழப்புக்கு முதல் காரணம் எடுக்காமல் விட்ட புரை. அதற்கு அடுத்து வருகிற காரணங்களில் இனிப்பு நீரால் கெட்ட விழித்திரையும் முக்கியமான ஒன்று. புரையை எப்போது எடுத்தாலும் பெரும்பாலும் பார்வை திரும்பும். விழித்திரை அப்படி இல்லை. வலிக்காது, தொடக்கத்தில் மங்காது, கசிவு வந்த பிறகுதான் தெரியும், அப்போது லேசரும் ஊசியும் இருப்பதைக் காப்பாற்றுமே தவிரப் போனதை முழுக்கத் திருப்பித் தராது. கண்ணில் மின்னல் அடிப்பது, கறுப்புப் புள்ளி மழை மாதிரி விழுவது, திரை இறங்குவது, இதில் ஏதாவது வந்தால் லோரியை ஓரம் கட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள்.

அவர் ஏன் போக மாட்டேன் என்கிறார் என்பதையும் எழுதியிருக்கிறீர்கள். கண்ணில் ஏதாவது இருக்கிறது என்று எழுதிவிட்டால் ஜி.டி.எல். (சரக்கு லோரி ஓட்டும் லைசென்ஸ்) போய்விடும், வேலை போய்விடும் என்ற பயம். இந்தப் பயத்தை நான் சின்னதாக எடுத்துக்கொள்ளவில்லை, 53 வயதில் லோரி ஸ்டியரிங்கை விட்டால் வேறென்ன பிடிப்பது. ஆனால் யோசித்துப் பாருங்கள்: லைசென்ஸுக்கான மருத்துவப் பரிசோதனையில் எப்படியும் பார்வையைப் பார்க்கத்தான் போகிறார்கள். தொடக்க நிலை விழித்திரை மாற்றம் பார்வையைக் குறைப்பதில்லை, அந்த நிலையில் பிடித்தால் சர்க்கரையைக் கட்டுப்படுத்தி இன்னும் பல வருஷம் ஓட்ட வாய்ப்பு இருக்கிறது. தள்ளிப் போட்டு, பார்வை குறைந்த பிறகு பிடித்தால்தான் லைசென்ஸ் போகும். அவர் பயப்படுகிற காரியம், பரிசோதனைக்குப் போகாமல் இருப்பதால்தான் நடக்கும்.

அப்படியே மோசமான நிலை வந்து வேலை செய்ய முடியாமல் போனால், அப்போதுதான் சொக்சோவின் இரண்டாவது திட்டம், பென்சன் ஈலாட், வேலைக்கு வரும். 60 வயதுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், போதுமான மாதங்கள் சந்தா கட்டியிருக்க வேண்டும், மருத்துவக் குழு ஒப்புக்கொள்ள வேண்டும். அதனால் இன்றைக்கே அவர் சொக்சோ கணக்கைப் பாருங்கள். ட்ரிப் கணக்கில் சம்பளம் கொடுக்கிற லோரி கம்பெனிகள் சில சந்தாவை ஒழுங்காகக் கட்டுவதில்லை. சம்பளச் சீட்டில் பிடித்திருப்பார்கள், பெர்கேசோவில் பதிவு இருக்காது. இடைவெளி தெரிந்தால் பெர்கேசோவிலேயே புகார் கொடுக்கலாம். உங்கள் 10 ரிங்கிட்டைப் பற்றிக் கோபப்பட்டீர்கள், கோபப்பட வேண்டிய இடம் இது.

கடைசியாக, நீங்கள் எழுதியிருந்த அந்த இன்சூரன்ஸ் ஏஜெண்டு. “இனிப்பு நீரை ஃபாரத்தில் எழுத வேண்டாம், நாலு மாசம் கழிச்சு கண்ணுக்கும் கிளைம் பண்ணலாம்” என்று சொன்னாராம். செய்யவே செய்யாதீர்கள். எட்டு வருஷம் கிளினிக்கில் மாத்திரை வாங்கிய பதிவு இருக்கிறது, கிளைம் வரும்போது அவர்கள் அதைத்தான் முதலில் தோண்டுவார்கள். தெரிந்தே மறைத்தால் பாலிசியையே ரத்து செய்ய அவர்களுக்குச் சட்டம் இடம் தருகிறது, கட்டிய பிரீமியமும் போகும், நாளைக்கு மாரடைப்பு வந்தாலும் அந்தக் கார்டு உதவாது. ஏஜெண்டுக்குக் கமிஷன் மட்டும் போய்ச் சேர்ந்திருக்கும். மாமியாருக்குப் புதுக் கார்டு எடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். 71 வயதில், ஏற்கெனவே புரை என்று டாக்டர் சொன்ன பிறகு, அந்தப் புரைக்கு எந்தக் கார்டும் தராது.

சரி, கண்ணாடிக்கு யார்தான் தருவார்கள்?

நம் நாட்டில் கண்ணாடிக்குக் காசு கிடைக்கிற இடம் பெரும்பாலும் முதலாளிதான். எச்.ஆரில் சொக்சோவைப் பற்றிக் கேட்டீர்கள், கேட்க வேண்டிய கேள்வி அதுவே இல்லை. “ஆப்டிகல் பெனிஃபிட் இருக்கா?” என்று கேளுங்கள். பெரிய ஃபேக்டரிகள் பலவற்றில் பல்லுக்கும் கண்ணுக்கும் சேர்த்து வருஷத்துக்கு ஒரு தொகை இருக்கும், ஊழியர் கையேட்டிலோ யூனியன் ஒப்பந்தத்திலோ எழுதியிருக்கும். 19 வருஷம் வேலை செய்துவிட்டு அதைப் பற்றித் தெரியாதவர்கள் என் கடைக்கே வந்திருக்கிறார்கள். குடும்பத்துக்கும் உண்டா என்று கேளுங்கள், டிசம்பரில் கணக்கு முடிந்து தொகை காலாவதியாகிவிடுமா என்றும் கேளுங்கள். ரசீதில் உங்கள் பெயர், பவர், கடையின் பதிவு எண் இருக்க வேண்டும் என்று கேட்பார்கள், கடையில் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது, உங்கள் லைனில் பாதுகாப்புக் கண்ணாடி போட வேண்டிய வேலை ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அதை முதலாளிதான் தர வேண்டும். 1994-ஆம் ஆண்டுத் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக்காகக் கொடுக்கிற பொருளுக்கு ஊழியரிடம் காசு பிடிக்கக்கூடாது. பவர் சேர்த்த பாதுகாப்புக் கண்ணாடி கேட்டுப் பாருங்கள், தருவார்களா என்பது ஃபேக்டரியைப் பொறுத்தது, ஆனால் கேட்காதவருக்கு நிச்சயம் வராது.

உங்களுக்கு வேண்டியது என்ன? ஒரு முழுப் பரிசோதனை, வெள்ளெழுத்து மட்டும்தானா என்று தெரிந்துகொள்ள. கணவருக்கு இருக்கிறதே, உங்களுக்கும் சர்க்கரை பார்த்துவிடுங்கள், உங்களுக்கும் 40 தாண்டிவிட்டது, அதே பெக்கா பி40 பரிசோதனை உண்டு. இரண்டு கண்ணும் சமமாக இருந்து, பார்வைக் கோணலுக்கான சிலிண்டர் பவர் இல்லை என்றால் வீட்டில் பத்திரிகை படிக்கவும் அரிசியில் கல் பார்க்கவும் மலிவுக் கடையில் விற்கிற பத்துப் பதினைந்து ரிங்கிட் ரீடிங் கண்ணாடியே போதும். ஆமாம், கண்ணாடிக் கடைக்காரன்தான் சொல்கிறேன். வேலைக்கு மட்டும் அளந்து செய்யுங்கள், அதற்கு வரும்போது ஒரு காரியம் செய்யுங்கள்: ஐபீஸிலிருந்து தலையைத் தூக்கினால் லாட் கார்டு கண்ணிலிருந்து எத்தனை சென்டிமீட்டரில் இருக்கிறது என்று டேப்பில் அளந்து எழுதிக்கொண்டு வாருங்கள். 40 என்பதற்கும் 60 என்பதற்கும் பவர் வேறு.

பையனைத் தள்ளிப் போடாதீர்கள். பள்ளிக்கு வருகிற சுகாதாரக் குழுவுக்காகக் காத்திருக்க வேண்டாம், கிளினிக் கெசிஹாத்தானிலோ பதிவு பெற்ற ஆப்டோமெட்ரிஸ்டிடமோ இந்த மாதமே காட்டுங்கள். முன் வரிசை தீர்வு இல்லை. அந்த வயதில் தூரப் பார்வை மங்கினால் பவர் வருஷா வருஷம் ஏறும், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அளக்க வேண்டும், வெயில் தாழ்ந்த பிறகு தினமும் வெளியில் ஓடி விளையாடட்டும். கண்ணாடிக்குக் கையில் காசு இல்லை என்றால் வகுப்பு ஆசிரியரிடம் சொல்லுங்கள். லயன்ஸ் கிளப் மாதிரி அமைப்புகள் தமிழ்ப்பள்ளிகளில் கண் முகாம் நடத்தி ஃபிரேமும் லென்ஸும் கொடுப்பது உண்டு, பெரும்பாலும் தலைமை ஆசிரியர்கள் கொடுக்கிற பெயர்ப் பட்டியலில் இருந்துதான். பட்டியலில் பையன் பெயர் இருக்க வேண்டும், அதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. அதுவும் இல்லை என்றால் கே.டபிள்யூ.எஸ்.பி. (ஊழியர் சேமநிதி) கணக்கின் அக்காவுன் ஃப்ளெக்சிபெலில் 50 ரிங்கிட்டுக்குக் குறையாமல் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். எனக்கு அதில் கை வைக்கச் சொல்ல மனசு வருவதில்லை, ஆனால் பையனின் படிப்புக்கு என்றால் சரி.

கடிதத்தின் ஓரத்தில் பென்சிலில் ஒன்று கேட்டிருந்தீர்கள்: கடையில் பையனுக்கு ‘ப்ளூ லைட்’ லென்ஸ் கட்டாயம் போட வேண்டும், கூடுதல் 120 ரிங்கிட் என்றார்களே, வேண்டுமா? வேண்டாம். 2023-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, அந்த லென்ஸால் கண் களைப்பு குறைவதாகத் தெரியவில்லை என்றுதான் சொல்கிறது. அந்த 120-இல் நல்ல உறுதியான ஃபிரேம் ஒன்று வாங்குங்கள், பந்து விளையாடுகிற பையன் என்று எழுதியிருக்கிறீர்கள், எப்படியும் உடைப்பான்.